சாரா காசு ஏறியும் முட்டை வாங்க முடியவில்லை

மூன்றாம்மாடி:
கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் பி.பி.ஆர். வீட்டில், அதாவது அரசாங்க மலிவு அடுக்குமாடியில் இருக்கிறேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கு மூன்று பிள்ளைகள். மளிகை வாங்க அரசாங்கம் தரும் சாரா உதவி மாதாமாதம் ஏறுகிறது, ஆனால் கணவரின் மைகார்டில், அதாவது அவருடைய ஐ.சி. அடையாள அட்டையில். எஸ்.டி.ஆர். என்ற அரசாங்க ரொக்க உதவிக்கான மனு அவர் பெயரில் போட்டது; சாராவும் அதை வைத்துத்தான் வருகிறது. அவர் லோரி எடுத்துக்கொண்டு ஜொகூர் போனால் திரும்ப நாலு நாளாகும். நேற்று அக்கா ஒரே முட்டையில் தண்ணீர் கலந்து அடித்து மூன்று பேருக்கும் ஆம்லெட் போட்டுக்கொண்டிருந்தார்.

செந்தூல்காரன்:
எல்லாவற்றுக்கும் அரசாங்கத்தைத் திட்டுவதே வேலையா? கார்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். முடிந்தது கதை.

மூன்றாம்மாடி:
ரோட்பிளாக்கில் போலீஸ் ஐ.சி. கேட்டால் அவர் எதைக் காட்டுவார், அண்ணே?

கடைக்காரர்:
நான் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பெண்கள் வீட்டுக்காரர் கார்டோடு வந்தாலும் நான் சொருக முடியாது. கார்டுக்காரர் நேரில் நிற்க வேண்டும். திருட்டு நடக்காமல் இருக்க வைத்த விதி, தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் எடுத்த அரிசியைத் திரும்ப அடுக்கில் வைத்துவிட்டுப் போகிற முகத்தை நான்தானே பார்க்கிறேன்.

செந்தூல்காரன்:
சரி, 2025 ஆகஸ்ட் 31 முதல் 18 வயது நிரம்பிய எல்லாக் குடிமக்களுக்கும் அவரவர் மைகார்டிலேயே 100 வெள்ளி போட்டார்களே? டிசம்பர் வரை நேரமும் இருந்தது. ரொக்கமாகக் கொடுத்தால் சிகரெட்டாகிவிடும்.

மூன்றாம்மாடி:
அது மாதாமாதம் வருவதில்லை. பிள்ளைகள் தினமும் சாப்பிடுகிறார்கள். கீழ்வீட்டுப் பாட்டிக்கு அதுவும் இல்லை; அவருடையது சிவப்பு ஐ.சி., குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி. பேரனை அவர்தான் வளர்க்கிறார். 2018இல் யுனிசெஃப் இங்குள்ள மலிவு அடுக்குமாடிகளில் ஆய்வு செய்தபோது, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22% பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. சிகரெட் பிடித்தது அந்தப் பிள்ளைகளா?

செந்தூல்காரன்:
அரசு கிளினிக்கில் எடை குறைந்த ஏழைப் பிள்ளைகளுக்கு உணவுக்கூடை தருகிறார்கள். போய் வாங்கலாமே.

மூன்றாம்மாடி:
வேலை நாளில் போய் எடை பார்த்துக் காத்திருக்க வேண்டும். அக்கா தினக்கூலிக்குத் துப்புரவு வேலை செய்கிறார். கூடைக்காக ஒரு நாள் சம்பளத்தை விடச் சொல்கிறீர்கள்.

செந்தூல்காரன்:
அது சிரமம்தான், ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் அடுத்த எஸ்.டி.ஆர். மனுவை அக்கா பெயரிலேயே போடச் சொல்லுங்கள்.

மூன்றாம்மாடி:
சொன்னேன். "அவர் என்ன நினைப்பாரோ" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.