நாலு மாதக் குழந்தை, ஷிப்ட் வேலை, ஜனவரியில் ஃபுல் மாரத்தான்: எப்படிச் சமாளிக்கலாம்?

அணைரோடு (கிருஷ்ணகிரி)

வணக்கம். வீடு கிருஷ்ணகிரி டவுன், வேலை ஓசூர் சிப்காட். வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும், கம்பெனி பஸ்ஸில் போக வரவே இரண்டரை மணி நேரம் போய்விடும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஓடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கே.ஆர்.பி. அணை ரோட்டில் லாங் ரன் போனால்தான் அந்த வாரமே எனக்கு ஓடும். மனைவியும் ஓடுபவர், எங்கள் பழக்கமே ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டத்தில் ஆரம்பித்ததுதான்.

பிரசவத்துக்குப் பாலக்கோட்டில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார், இப்போது பாப்பாவோடு வந்துவிட்டார். சுகப்பிரசவம். பாப்பா ராத்திரியில் இரண்டு மூன்று தடவை எழுந்துவிடுகிறாள். ஜனவரியில் சென்னையில் ஃபுல் மாரத்தானுக்குப் பணம் கட்டியிருக்கிறேன். மனைவிக்கு 26 வார விடுப்பில் பிரசவத்துக்கு முன்பே கொஞ்சம் போய்விட்டதால் அடுத்த மாதம் பேங்க் வேலைக்குத் திரும்ப வேண்டும். வீட்டில் பெரியவர்கள், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இன்னும் என்ன ஓட்டம் என்கிறார்கள். ஓட்டத்தை விட எனக்கு மனசில்லை, வீட்டை விட்டுக்கொடுக்கவும் மனசில்லை. நைட் ஷிப்ட் வாரத்தில் ஓடுவதா தூங்குவதா? இந்த நிலைமையில் ஃபுல் சாத்தியமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தொப்பூர்_ஏற்றம் (தருமபுரி)

தம்பி, முதலில் பாப்பாவுக்கு வாழ்த்துகள். உடம்பு அவ்வளவு சீக்கிரம் மறந்துவிடாது, அந்தப் பயத்தை விடுங்கள். 1980களில் அமெரிக்காவில் ராபர்ட் ஹிக்சன் குழுவினர் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பத்து வாரம், வாரத்தில் 6 நாள், நாளுக்கு 40 நிமிடம் கடுமையான பயிற்சி கொடுத்தார்கள். அதன்பிறகு 15 வாரத்துக்கு நேரத்தை மட்டும் சிலருக்கு 26 நிமிடமாகவும் சிலருக்கு 13 நிமிடமாகவும் குறைத்தார்கள். வேகத்தைக் குறைக்காதவரை விஓ2 மேக்ஸ், அதாவது உடம்பு அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் அளவு, அப்படியே நின்றது. நாளைக் குறைத்துப் பார்த்தபோதும் அப்படித்தான், வாரத்துக்கு இரண்டு நாளே போதுமானதாக இருந்தது. வேகத்தைக் குறைத்தபோதுதான் இறங்கியது. ஆனால் 13 நிமிடக்காரர்களுக்கு நீண்ட நேரம் தாங்கும் சக்தி குறைந்தது, ஃபுல் ஓடுகிறவருக்கு அதுதான் முக்கியம்.

அதனால் என் கணக்கு: வாரம் மூன்று ஓட்டம், அதில் ஒன்று கடுமையாக. நாலு நிமிடம் வேகம், மூன்று நிமிடம் மெதுவாக, இப்படி நாலு முறை, வார்ம் அப்போடு சேர்த்து முக்கால் மணியில் முடிந்துவிடும். 42.195 கிலோமீட்டரை இந்த வருஷம் விட்டுவிட்டு ஹாஃபுக்கு மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். நான் பிஆர்எம் என்கிற, குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம் ஓட்டியவன். 200 கிலோமீட்டருக்கே பதின்மூன்றரை மணி நேரம் கொடுப்பார்கள், அதற்குப் பயிற்சி என்றால் ஞாயிறு முழுக்கப் போய்விடும். பிள்ளை பிறந்ததும் சைக்கிளை ஓரம் கட்டிவிட்டு ஓட ஆரம்பித்தது அதனால்தான்.

இன்னொன்று, ஷூவைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கி நேராக ஸ்டேடியம் போய் ஓடிவிட்டு வீட்டுக்குப் போங்கள். வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் மறுபடி கிளம்புவது கஷ்டம்.

அரூர்_அக்கா

அண்ணன் சொன்ன பயிற்சிக் கணக்கு சரி, கடைசி யோசனை மட்டும் வேண்டாம். ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து நீங்கள் மூன்றரைக்கு வருவீர்கள் என்றால் அந்தப் பெண் விடியற்காலையிலிருந்து தனியாகப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு மணியையே பார்த்துக்கொண்டிருப்பார். நீங்கள் ஸ்டேடியத்தில் ஓடும் அந்த முக்கால் மணி நேரம் அவருடையது. முதலில் வீட்டுக்குப் போய்ப் பாப்பாவைக் கையில் வாங்குங்கள், அவர் தூங்கட்டும், இல்லை குளிக்கட்டும், இல்லை வெளியே நடந்துவிட்டு வரட்டும். அதற்கப்புறம் சாயங்காலம் நீங்கள் கிளம்பினால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

எவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறீர்கள், உங்கள் மனைவி எப்போது மறுபடி ஓடப் போகிறார் என்று ஒரு வரி இல்லையே தம்பி! அவரும் ஓடுபவர்தானே? 2019இல் பிரிட்டன் பிசியோதெரபிஸ்டுகள் வெளியிட்ட வழிகாட்டுதலில், பிரசவத்துக்குப் பிறகு குறைந்தது 12 வாரம் ஓட வேண்டாம் என்று இருக்கிறது. அந்தக் காலம் தாண்டிவிட்டது, ஆனாலும் நேராக ஓட்டத்தில் இறங்கக் கூடாது. அரை மணி நேரம் நடக்க, ஒற்றைக்காலில் பத்து விநாடி நிற்க, ஒவ்வொரு காலிலும் பத்து முறை குதிக்க, நின்ற இடத்தில் ஒரு நிமிடம் ஜாகிங் செய்ய, இதெல்லாம் வலியில்லாமல், சிறுநீர் கசியாமல், அடிவயிற்றில் பாரம் இறங்குவது போல் இல்லாமல் முடிகிறதா என்று பார்க்க வேண்டும். கசிந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை, இடுப்புத் தளத் தசை பார்க்கும் பிசியோவிடம் போகச் சொல்லுங்கள். ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். பால் கொடுத்துவிட்டு ஓடினால் மார்பு கனக்காது. மிதமான ஓட்டத்தால் பால் குறையாது, இதைப் பெரியவர்களிடமும் சொல்லுங்கள்.

மூணு_ஷிப்ட் (ஓசூர்)

நைட் வாரத்தில் தூக்கம்தான் சகோ, யோசிக்கவே வேண்டாம். பகல் தூக்கம் துண்டு துண்டாகத்தான் வரும், பாப்பா வேறு எழுப்புவாள். அந்த வாரம் இரண்டு லேசான ஓட்டம் போதும், அதுவும் தூங்கி எழுந்த பிறகு. நைட் முடித்த கையோடு லாங் ரன் போகிறேன் என்று கிளம்பாதீர்கள். முக்கியமாக பைக்கில் வந்து போகிற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். மேலுமலை இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவில் கண் அசந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். கம்பெனி பஸ்ஸில் அந்த ஒரு மணி நேரம் போனை எடுக்காமல் தூங்குங்கள். கடுமையான ஓட்டத்தை செகண்ட் ஷிப்ட் வாரத்துக்கு வையுங்கள், காலையில் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம்.

அணைரோடு (கிருஷ்ணகிரி)

எல்லோருக்கும் நன்றி. அக்கா எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினேன், அந்தக் குதிக்கிற சோதனையை உடனே செய்து பார்த்துவிட்டார், கசிவோ வலியோ இல்லை. இந்த ஞாயிறு அணை ரோட்டுக்கு முதலில் அவர் போகிறார், ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று. அவர் திரும்பி வந்த பிறகு நான். ஹாஃபுக்கு மாற்றக் கேட்டு மெயில் போட்டுவிட்டேன். தள்ளுவண்டியில் பாப்பாவை உட்காரவைத்து ஓடலாமா என்று கேட்கிறார், சரியாக வருமா அக்கா?

அரூர்_அக்கா

இப்போது வேண்டாம். கழுத்து நிற்க வேண்டும், அதே வழிகாட்டுதலில் குறைந்தது ஆறு மாதம், ஒன்பது வரை பொறுப்பது நல்லது என்று இருக்கிறது. சாதாரணத் தள்ளுவண்டியில் ஓடவே கூடாது, ஓடுவதற்கென்றே பெரிய சக்கரமும் பெல்ட்டும் வைத்துத் தனியாக வருகிறது. அதுவரை வண்டியில் வைத்து நடங்கள், அணைப் பூங்காவுக்குள் நடந்தால் போதும். மாற்றித் தருகிறார்களா என்று வந்து சொல்லுங்கள்.