வெயில் கொளுத்துகிறது, வீட்டில் கரண்ட் இல்லை: மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம், உங்களுக்கும் இருக்கிறதா?

நிலாமுற்றம்

மாடியில் மூன்று கிலோவாட் சோலார் பேனல், ஆன்-கிரிட் (தெரு லைனோடு சேர்ந்து ஓடுவது), பேட்டரி கிடையாது. இங்கே பாதிப் பேர் வீட்டில் இதேதான் இருக்கும், அதனால் அதிகம் விளக்கவில்லை.

போன கோடையில் ஒரு நாள் காலை பதினொன்றரைக்குக் கரண்ட் போனது. டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிட்டது, சாயங்காலம் ஆகும் என்றார்கள். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்தார். ஒரு கையில் நெபுலைசர், இடுப்பில் குழந்தை. நான்கு வயது இருக்கும். மூச்சை இழுக்கும் ஒவ்வொரு முறையும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழி விழுந்தது. "அண்ணா, உங்க வீட்லதான் சோலார் இருக்கே, ஒரு பத்து நிமிஷம் போட்டுக்கறேன்" என்றார்.

பேனல் தருவதை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு. லைனில் கரண்ட் இல்லாததால் அதுவும் நின்றுவிட்டது. "கரண்ட் போனா இதுவும் வேலை செய்யாதும்மா" என்றேன். அவர் கோபப்படவில்லை. அண்ணாந்து மாடியைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "வெயில் இருக்குல்ல அண்ணா?" என்று மட்டும் கேட்டார்.

காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். குழந்தை இப்போது நன்றாக இருக்கிறான். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. நெபுலைசர் இழுப்பது 150 வாட்டுக்குள். தலைக்கு மேலே எட்டு பேனல், உச்சி வெயில். அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் அவர் வாசலில் நின்று, "எங்க கரண்டை நாங்களே தயாரிக்கிறோம்" என்று பெருமையாகச் சொல்லியிருந்தேன். பேனல் மாட்டியவர் இதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கம்பிவடம்

குழந்தை பிழைத்ததில் சந்தோஷம். ஆனால் இன்வெர்ட்டரைக் குற்றவாளி ஆக்காதீர்கள். இருபத்தொன்பது வருஷம் கம்பத்தில் ஏறியவன் சொல்கிறேன்.

ஒரு மழை ராத்திரி, மரம் விழுந்து கம்பி அறுந்த லைன். சப்ளையை நிறுத்தி, ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டுதான் ஏறினோம். கை வைப்பதற்கு முன் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்ப்பது வழக்கம். பல்பு எரிந்தது. செத்துப் போன லைனில் பல்பு எரிகிறது! என் கூட்டாளியின் விரல் கம்பியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. யாரோ ஒருவர் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (லைனையும் ஜெனரேட்டரையும் பிரித்து வைப்பது) இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் சொருகியிருக்கிறார், அது திரும்பி லைனுக்கு வந்துவிட்டது. அந்தப் பல்பின் மஞ்சள் வெளிச்சம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

வீட்டிலிருந்து திரும்பி வரும் 230 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மறுபக்கம் போனால் 11,000 வோல்ட் ஆகிவிடும். லைன் செத்தால் சோலார் இன்வெர்ட்டர் 2 நொடிக்குள் நின்றாக வேண்டும் என்று விதி இருப்பது இதற்காகத்தான். உங்கள் சிவப்பு விளக்கு அன்றைக்குக் கம்பத்தில் நின்றவனைக் காப்பாற்றியது.

சரி, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஹைபிரிட் இன்வெர்ட்டருக்கு மாறுங்கள். அதில் பேக்கப்புக்குத் தனி அவுட்புட் உண்டு. கரண்ட் போனதும் லைனைத் துண்டித்துக்கொண்டு அந்த அவுட்புட்டுக்கு மட்டும் சப்ளை கொடுக்கும். மொத்த வீட்டையும் அதில் மாட்டாதீர்கள். லைட், ஃபேன், இன்டர்நெட் பெட்டி, மருத்துவக் கருவி, இவற்றை மட்டும் தனி டிபிக்கு (கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) கொண்டு வரச் சொல்லுங்கள். கீசர், மோட்டார், இஸ்திரிப்பெட்டி எதுவும் அந்தப் பக்கம் வரக் கூடாது. இரண்டு யூனிட் கரண்ட் பிடிக்கும் பேட்டரி இருந்தால் இதற்குத் தாராளம். லெட் ஆசிட் வாங்கினால் சார்ஜைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, இறக்கினால் சீக்கிரம் போய்விடும். லித்தியத்தில் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) என்று கேட்டு வாங்குங்கள். ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம், தீப்பிடிக்கும் ஆபத்தும் மற்ற லித்தியத்தைவிடக் குறைவு. படுக்கையறையில் மட்டும் வைக்காதீர்கள். எர்த்தைச் சரிபார்க்காமல் யாருக்கும் கடைசிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். "ஒரு சுவிட்ச் போட்டுத் தர்றேன், பழைய இன்வெர்ட்டரே ஓடும்" என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

வேம்படி

எங்கள் வீட்டுக்கு மேற்கே ஒரு வேம்பு இருந்தது. பேனல் வைக்க அளவெடுக்க வந்தவர், "நிழல் விழுது, மரத்த எடுத்துட்டா நல்லது" என்றார். நிழல் விழுவது மாலை மூன்றரைக்கு மேல், அதுவும் இரண்டு பேனலில். ஒரு பேனலில் நிழல் விழுந்தாலும் வரிசை முழுக்க உற்பத்தி குறையும் என்றார். நம்பினேன். வெட்டினோம்.

அடுத்த கோடை. ராத்திரி பத்து மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தவள் இருட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். சுவர் சுட்டது. பகல் முழுக்க மேற்கு வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரியில் கக்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் பதினாறு வருஷமாக இருக்கிறேன், அந்தச் சுவர் அப்படிச் சுட்டதே இல்லை. கையை எடுக்காமல் அங்கேயே நின்றேன்.

இப்போது ஏசி தினமும் இரண்டு மணி நேரம் கூடுதலாக ஓடுகிறது. மரம் போனதால் அந்த இரண்டு பேனல் மாலையில் கூடுதலாகத் தருவது ஒரு யூனிட்கூட இல்லை. நிழல் விழுந்த பகுதியைச் சுற்றிக் கரண்டை அனுப்பும் பைபாஸ் டயோடு பேனலுக்குள்ளேயே இருக்கிறது, தேவையென்றால் ஒவ்வொரு பேனலையும் தனித்தனியாக இயங்க வைக்கும் ஆப்டிமைசர் மாட்டலாம் என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. பேனலுக்கும் சூடு ஒத்துக்கொள்ளாது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் உற்பத்தி குறையும். பேனல் 65 டிகிரியைத் தொட்டால் 14 சதவீதம் அங்கேயே போய்விடும்.

எண்கணிதம்

வேம்படி அக்கா, மன்னியுங்கள், ஆனால் இந்த மரக் கணக்கு வேறு. நன்கு வளர்ந்த மரம் ஒன்று ஆண்டுக்கு இருபது கிலோ சொச்சம் கார்பன் டை ஆக்சைடு இழுக்கும் என்பதுதான் பொதுவான மதிப்பு. மூன்று கிலோவாட் பேனல் ஆண்டுக்கு நாலாயிரம் யூனிட் தரும். நிலக்கரி மின்சாரம் யூனிட்டுக்குச் சுமார் ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு விடும். அதாவது நாலு டன், 200 மரத்துக்குச் சமம். பேனல் வைத்தது தப்பே இல்லை.

என் சம்பவம் சின்னது. மின்சார ஸ்கூட்டர் வாங்கிய புதிதில் சார்ஜிங் பாயின்ட்டில் நின்றிருந்தேன். பெரியவர் ஒருவர் வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "தம்பி, இதுவும் கரியிலதானே ஓடுது? புகை அங்க போகுது, அவ்வளவுதானே?" என்றார். குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. "அப்படி இல்லங்க" என்று இழுத்தேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். இப்போது பதில் கையில் இருந்தும் அவரிடம் சொல்ல முடியாததுதான் உறுத்துகிறது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஸ்கூட்டர் 45 கிலோமீட்டர் தரும் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 51 கிராம். அந்தப் பெட்ரோலை எடுக்க, சுத்திகரிக்க, லாரியில் கொண்டு வர ஆனது இதில் சேரவில்லை. மின்வண்டி, சார்ஜ் செய்யும்போது வீணாவதையும் சேர்த்தால், ஒரு யூனிட்டில் முப்பது கிலோமீட்டர் போகும். அந்த யூனிட் முழுக்க நிலக்கரியில் வந்திருந்தாலும் 33 கிராம்தான். காரணம் எளிது. பெட்ரோல் எஞ்சின் எரிபொருளின் சக்தியில் முக்கால் பங்கைச் சூடாகவே வெளியே விடுகிறது, மோட்டாரில் பத்துப் பதினைந்து சதவீதம்தான் வீண்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. பேட்டரி செய்யும்போதே கார்பன் கடன் ஏறிவிடுகிறது. முழுக்க நிலக்கரி மின்சாரத்தில் ஓட்டினால் அந்தக் கடன் அடையப் பத்துப் பதினைந்தாயிரம் கிலோமீட்டர் ஆகும் என்பது என் கணக்கு. வாங்கி வீட்டில் நிறுத்தி வைப்பவர்களுக்கு இது ஆதாயம் இல்லை. தினமும் ஓட்டுபவர்கள் வாங்குங்கள், முடிந்தால் பகலில் சார்ஜ் போடுங்கள். சோலார் மின்சாரம் லைனில் நிறைய இருக்கும் நேரம் அதுதான். நூறு சதவீதத்திலேயே நாள்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். பழைய வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் அவசரப்பட்டு உடைக்கவும் வேண்டாம்.

வேம்படி

தம்பி, நான் பேனலைக் குறை சொல்லவில்லை. இருநூறு மரத்துக்குச் சமம் என்கிறீர்கள், சரி. அந்த இருநூறில் ஒன்றுகூட என் சுவருக்கு நிழல் தராது.

ஆதிரை

எட்டாம் வகுப்பு அறிவியல் எடுக்கிறேன். ஹவாயில் மௌனா லோவா மலை மேல் 1958இல் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கிய, காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு கணக்கு இங்கே எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு 315 பிபிஎம் (பத்து லட்சத்தில் 315 பங்கு) அளவில் இருந்தது. ஒரு நாள் பலகையில், நான் பிறந்த 1975க்கு எதிரே 331 என்று எழுதினேன். பிள்ளைகளில் பெரும்பாலோர் 2012இல் பிறந்தவர்கள், அதற்கு எதிரே 394. கடைசியாக 2024, 424க்கு மேல்.

பின்பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து, "சாக்பீஸ் குடுங்க டீச்சர்" என்றாள். என் வயதிலிருந்து அவள் வயதைக் கழித்தாள். முப்பத்தேழு. வருஷத்துக்கு இரண்டரை கூடுகிறது என்று நான்தான் சொல்லியிருந்தேன். பெருக்கினாள், கூட்டினாள். 516 என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்துவிட்டு, "உங்க வயசுல எனக்கு இவ்வளவா?" என்றாள். மணி அடித்துவிட்டது. பலகையை அழிக்க வேண்டியவள் நான்தான். அன்று அழிக்காமலே வந்துவிட்டேன்.

தூரப்பயணி

எண்கணிதம் அவர்களின் கணக்கைப் படித்ததும் என் கதையையும் எழுதிவிடலாம் என்று தோன்றியது. இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை.

ஏழு வருஷமாக வேலைக்கு சைக்கிள்தான். போக வர 14 கிலோமீட்டர், மழையிலும் விட்டதில்லை. பைக்கை விற்றுவிட்டேன். போன வருஷம் வீடு மாறினோம், பழைய ஏசியைக் கழற்ற ஒரு பையன் வந்தான். பத்தொன்பது, இருபது வயது. ஸ்பேனரை வைத்து, கேஸ் குழாயை இணைக்கும் ஃப்ளேர் நட்டைத் திருப்பினான். ஸ்ஸ்ஸ் என்று ஆரம்பித்தது. எண்ணெய்ப் புகை மாதிரி ஏதோ பீய்ச்சியது. செம்புக் குழாய் என் கண் முன்னால் வெள்ளையாகப் பனி பூத்தது. வாசனை இல்லை, கண் எரியவில்லை. "என்னப்பா இது?" என்றேன். "கேஸ்தான் சார், காத்தோட போயிடும்" என்றான். இரண்டு நிமிஷம் இருக்கும். நான் பக்கத்தில் நின்று அவனுக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அன்று ராத்திரி ஏசியின் ஸ்டிக்கரை படம் பிடித்து வைத்திருந்ததைப் பார்த்தேன். உள்ளே இருந்த கேஸ் ஆர்-410ஏ, ஒரு கிலோ. நூறு வருஷக் கணக்கில் அது பூமியைச் சூடாக்குவது கார்பன் டை ஆக்சைடைப் போல 2,088 மடங்கு. அதாவது இரண்டு டன். அப்புறம் என் சைக்கிளைக் கணக்குப் போட்டேன். ஏழு வருஷத்தில் இருபத்தேழாயிரம் கிலோமீட்டர், பைக்கில் போயிருந்தால் அறுநூறு லிட்டர் பெட்ரோல். மிச்சம் பிடித்தது 1.4 டன்.

ஏழு வருஷம் மிதித்தது அந்த இரண்டு நிமிஷத்துக்கு ஈடாகவில்லை.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பம்ப் டவுன் என்று ஒரு வேலை இருக்கிறது. ஏசியை ஓடவிட்டு, வெளி யூனிட்டில் மெல்லிய குழாயின் வால்வை ஆலன் கீயால் மூட வேண்டும். கம்ப்ரசர் கேஸை முழுக்க வெளி யூனிட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். அப்புறம் தடித்த குழாயின் வால்வையும் மூடி, உடனே ஏசியை நிறுத்த வேண்டும். சில நிமிஷ வேலை. கேஸும் வீணாகாது, புது வீட்டில் அதையே திறந்துவிடலாம். ஏசியைக் கழற்ற ஆள் வந்தால் முதலில் "பம்ப் டவுன் பண்ணுவீங்களா?" என்று கேளுங்கள். புதிதாக வாங்குபவர்கள் ஆர்-32 இருந்தால் பாருங்கள், அது 675தான். ஆர்-290 புரொப்பேன், கார்பன் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, ஆனால் தீப்பற்றும், தெரிந்தவர்தான் கை வைக்க வேண்டும். 2016இல் ருவாண்டாவின் கிகாலியில் உலக நாடுகள் ஆர்-410ஏ போன்ற வாயுக்களைப் படிப்படியாகக் குறைப்பதாக ஒப்பந்தம் செய்தன. அந்த ஒப்பந்தம் ஸ்பேனர் பிடிக்கிற கை வரைக்கும் வந்து சேரவில்லை.

சைக்கிளை விடவில்லை. இன்றும் அதில்தான் வந்தேன்.

நிலாமுற்றம்

எல்லாவற்றையும் படித்தேன். கம்பிவடம் ஐயா, உங்கள் டெஸ்ட் லேம்ப் கதைக்கு அப்புறம் அந்தச் சிவப்பு விளக்கை வேறு மாதிரிப் பார்க்கிறேன்.

ஹைபிரிட் மாட்டியாயிற்று. எல்எஃப்பி, இரண்டரை யூனிட். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பெண்ணையும் பையனையும் கூப்பிட்டேன். நெபுலைசரைச் சொருகி ஓடவிட்டு, அவர்கள் பார்க்கும்போதே மெயினை இறக்கினேன். தெருவிளக்குக்கு அடுத்த வீட்டு ரேடியோ பாடிக்கொண்டுதான் இருந்தது, எங்கள் ஃபிரிட்ஜ் மட்டும் அமைதியானது. நெபுலைசரின் சத்தம் ஒரு கணம்கூட இறங்கவில்லை. பையன் மாஸ்க்கைத் தானே பிடித்துக்கொண்டு, கருவியின் மேல் இன்னொரு கையை வைத்து அது அதிர்வதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நாங்கள் வீட்டில் இல்லாத நேரத்திலும் அவர்கள் வந்து போட்டுக்கொள்ளும்படி, வெளிச்சுவரில், கூரை இறக்கத்துக்குக் கீழே ஒரு பிளக் பாயின்ட் வைக்கப் போகிறேன். ஐயா, அது பேக்கப் லைனில் வருவது. மழைச்சாரல் படும் இடம். அதற்குத் தனியாக ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) போட வேண்டுமா, இல்லை டிபியில் இருப்பதே போதுமா?