ஒரே ஐஎஸ்ஓ, ஒரே அளவு வெளிச்சம் இல்லை: சென்சார் ஒப்பீட்டில் கண்டவை

இருட்டறை:

கேமரா சென்சார்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது ரா ஃபைலில் (கேமரா மெருகேற்றாமல் பதியும் மூலக் கோப்பு) கண்டதை மட்டும் இந்த இழையில் எழுதுவோம். பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா), ஐஎஸ்ஓ (உணர்திறன் அமைப்பு), கன்வர்ட்டர் (ரா-வைப் படமாக்கும் மென்பொருள்) மூன்றையும் சொல்லாமல் "சோனிதான் டாப்", "கேனன் கலருக்கு ஈடில்லை" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒரு பயனும் இல்லை.

2012-ல் தொடங்குகிறேன். பிராண்டுச் சண்டைக்கு உண்மையிலேயே காரணம் இருந்த ஆண்டு அது. அந்த ஆண்டு வந்தவை 22.3 மெகாபிக்சல் கேனன் 5டி மார்க் 3, 36.3 மெகாபிக்சல் நிக்கான் டி800. சென்சார்களை அளந்து மதிப்பெண் தரும் டிஎக்ஸ்ஓமார்க் தளத்தின் கணக்கில் குறைந்தபட்ச ஐஎஸ்ஓ-வில் டைனமிக் ரேஞ்ச் (ஒரே படத்தில் பிடிபடும் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வீச்சு) முன்னதற்கு 11.7 ஸ்டாப், பின்னதற்கு 14.4; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு. அதைக் கண்ணால் பார்க்க எளிய வழி உண்டு. வெயில் அடிக்கும் ஜன்னலுக்கு முன்னால் ஒரு கறுப்பு நாற்காலியைப் போடுங்கள். ஐஎஸ்ஓ 100-ல், ஜன்னலுக்கு வெளியே ஹைலைட் வெளுத்துப்போகாத எக்ஸ்போஷரில் எடுத்து, கன்வர்ட்டரில் 4 ஸ்டாப் தூக்குங்கள். டி800 ஃபைலில் நாற்காலியின் மேல் மணல் தூவியது போல நாய்ஸ் தெரியும். 5டி மார்க் 3 ஃபைலில் பாய் முடைந்தது போலக் குறுக்கும் நெடுக்கும் கோடுகள் ஓடும். மணலை நாய்ஸ் ரிடக்ஷன் ஓரளவு சமாளிக்கும். கோடுகளை அது படத்தின் விவரம் என்று நினைத்து விட்டுவிடும்.

பிக்சல் மட்டமானதால் வந்த வினை இல்லை இது. கேனனில் அப்போது அனலாக் சிக்னல் சென்சாரை விட்டு வெளியே போய், தனிச் சிப்பில்தான் டிஜிட்டலாக மாறியது. போகிற வழியில் நாய்ஸ் ஒட்டிக்கொண்டது. டி800-ல் இருந்த சோனி சென்சாரில் ஒவ்வொரு பிக்சல் நெடுவரிசைக்கும், சிக்னலை டிஜிட்டலாக்கும் தனி மாற்றி சென்சாரிலேயே இருக்கிறது. ஐஎஸ்ஓ 1600-ஐத் தாண்டினால் இரண்டும் கிட்டத்தட்டச் சமம் ஆவதற்கும் இதுவே காரணம். சிக்னல் வெளியே கிளம்புமுன்பே பெருக்கப்பட்டுவிடுவதால், வழியில் ஒட்டும் நாய்ஸ் அதோடு ஒப்பிட்டால் சிறிதாகிவிடுகிறது. ஆக, "கேனன் நாய்ஸ்" என்று ஊரெல்லாம் சொன்னது குறைந்த ஐஎஸ்ஓ நிழலுக்கு மட்டும் பொருந்தும் பேச்சு.

2016-ல் 80டி, 1டிஎக்ஸ் மார்க் 2, 5டி மார்க் 4 மூன்றிலும் கேனனும் மாற்றியைச் சென்சாருக்குள் கொண்டுவந்தது. அதை நம்பி, அடுத்த ஆண்டு வந்த 6டி மார்க் 2-வும் அப்படியே இருக்கும் என்று வாங்கினால் ஏமாற்றம்தான். குறைந்த ஐஎஸ்ஓ-வில் அது பழைய தலைமுறை மாதிரியே நடந்துகொண்டது.

பொடிக்கணக்கு:

14.4 ஸ்டாப்பைப் பார்த்ததும் "14 பிட் ஃபைலில் 14-க்கு மேல் எப்படி வரும்?" என்ற சந்தேகம் கட்டாயம் எழும். அது ஒரு பிக்சலின் அளவு இல்லை. எல்லாப் படத்தையும் 8 மெகாபிக்சலுக்குச் சுருக்கியதாக வைத்துப் போட்ட கணக்கு; சுருக்கும்போது நாய்ஸ் சராசரியாகிக் குறையும். 36.3-ஐ 8-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 2.13, அது சுமார் 1.1 ஸ்டாப். அதைக் கழித்தால் ஒரு பிக்சலுக்கு 13.3 சொச்சம். திரையில் 100 சதவீதத்தில் இரண்டு பாடிகளையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர்கள் இந்த ஒரு ஸ்டாப்பைத்தான் தொலைக்கிறார்கள். இரண்டையும் ஒரே அளவுக்குச் சுருக்கிவிட்டுப் பாருங்கள்.

சொந்தமாக அளக்க விரும்பினால் செய்முறை இதோ. ரா ஃபைலில் உள்ள எண்களைக் காட்டும் ரா டிக்கர் போன்ற மென்பொருள் போதும்.

லென்ஸைக் கழற்றி பாடி கேப் போடுங்கள். ஆப்டிகல் வியூஃபைண்டர் இருந்தால் அதையும் மூடுங்கள், அந்த வழியாகவும் வெளிச்சம் கசியும். 1/4000 நொடியில் இரண்டு ஃபிரேம். பிறகு லென்ஸை மாட்டி, ஃபோகஸை முழுக்கக் கலைத்து, சீரான வெள்ளைப் பரப்பை இரண்டு ஃபிரேம். ஜோடி ஜோடியாக ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, நடுவே 200 × 200 பிக்சல் கட்டத்தில், ஒரு பச்சைச் சேனலில் மட்டும் திட்ட விலக்கம் பாருங்கள். கழிப்பது எதற்கென்றால், தூசி, பிக்சலுக்குப் பிக்சல் உள்ள நிரந்தர வேறுபாடு எல்லாம் அதில் போய்விடும். ஆனால் கழித்தால் நாய்ஸ் 1.414 மடங்கு ஆகும் என்பதால் அதால் வகுக்க வேண்டும்.

புரிவதற்காக எண்களை நானே வைக்கிறேன். பிளாக் லெவலை (வெளிச்சமே இல்லாதபோது ஃபைலில் நிற்கும் எண்) கழித்த பிறகு வெள்ளையின் சராசரி 8000, வித்தியாசத்தின் திட்ட விலக்கம் 56.6 என்று வைத்துக்கொள்வோம். 56.6-ஐ 1.414-ஆல் வகுத்தால் 40. அதன் வர்க்கம் 1600. 8000-ஐ 1600-ஆல் வகுத்தால் 5, அதாவது ஃபைலில் ஓர் எண்ணுக்கு 5 எலக்ட்ரான். பிளாக் லெவல் 512, உச்சம் 16383 என்றால் நிரம்பும் அளவு 15871 × 5, ஏறக்குறைய 79,000 எலக்ட்ரான். இருட்டு ஃபிரேம்களின் வித்தியாசம் 1.7 என்றால் ரீட் நாய்ஸ் (சென்சாரைப் படிக்கும்போது சேரும் நாய்ஸ்) 1.2 எண், அதாவது 6 எலக்ட்ரான். 79,000-ஐ 6-ஆல் வகுத்து இரண்டின் மடக்கை எடுத்தால் 13.7 ஸ்டாப்.

இதில் இரண்டு பள்ளங்கள் உண்டு. டி800 காலத்து நிக்கான்கள் பிளாக் லெவலை ஃபைலில் எழுதும்போதே பூஜ்ஜியத்தில் வெட்டிவிடும். நாய்ஸின் கீழ்ப்பாதி காணாமல் போவதால் இருட்டு ஃபிரேம் அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். இன்னொன்று, கேனன் ஆர்5 குறைந்த ஐஎஸ்ஓ-க்களில் ரா-விலேயே கொஞ்சம் நாய்ஸ் ரிடக்ஷன் செய்கிறது. பில் கிளாஃபின் சென்சார் அளவீட்டுத் தளமான ஃபோட்டான்ஸ் டு ஃபோட்டோஸ் வரைபடத்தில் அந்தப் புள்ளிகளுக்குத் தனிக் குறி இருக்கும். அதைக் கவனிக்காமல் சோனியின் பக்கத்தில் வைத்துப் பேசாதீர்கள்.

அரை ஸ்டாப்:

பொடிக்கணக்கு சார் சொன்னதோடு இதையும் சேர்க்கணும். ஃபியூஜியையும் சோனியையும் "ஐஎஸ்ஓ 3200-க்கு ஐஎஸ்ஓ 3200" என்று வைத்தால் பெரும்பாலும் ஃபியூஜிக்கு அதிக வெளிச்சம் கொடுத்துவிட்டு அதன் நாய்ஸைப் புகழ்வோம். ஐஎஸ்ஓ 12232 தரம் கேமராவின் ஐஎஸ்ஓ எண்ணைத் தீர்மானிக்க எஸ்ஓஎஸ், ஆர்ஈஐ என்று முறைகளைத் தருகிறது; இரண்டும் வெளியே வரும் படத்தின் பிரகாசத்தைப் பற்றியவை, சென்சார் எவ்வளவு நிரம்பியது என்பதைப் பற்றி அவை பேசுவதே இல்லை. அதே எஃப்/8, அதே 1/60, அதே விளக்கு என்றால் ஃபியூஜி ஃபைல் இருட்டாக வரும்.

எனவே ஆட்டோவைத் தொடாதீர்கள். மேனுவலில் அபர்ச்சர், ஷட்டர், விளக்கு மூன்றையும் பூட்டுங்கள். லென்ஸுக்கும் ஒரு வழி: அபர்ச்சர் வளையம் உள்ள பழைய நிக்கான் எஃப் மவுண்ட் 50 எம்எம் ஒன்று போதும். அடாப்டர் போட்டால் கேனன் ஈஎஃப், ஆர்எஃப், சோனி ஈ, நிக்கான் இசட் எல்லாவற்றிலும் உட்காரும். ஒரே கண்ணாடி, ஒரே துளை; எஃப்/8-ல் வைத்தால் ஓர இருட்டும் தொல்லை தராது.

அடோபியின் கன்வர்ட்டரான லைட்ரூமில் பார்ப்பவர்களுக்கு: ஒவ்வொரு மாடலுக்கும் அடோபி சொல்லாமல் ஒரு எக்ஸ்போஷர் திருத்தம் போடுகிறது. ஸ்லைடர் பூஜ்ஜியம் காட்டும், படம் ஏறியிருக்கும். கலர் நாய்ஸ் ரிடக்ஷன் 25-ல் தானாக நிற்கும். அதையும் ஷார்ப்பனிங்கையும் பூஜ்ஜியத்துக்கு இழுத்துவிட்டுத்தான் பேச்சே.

நிழல்வேட்டை:

5 ஸ்டாப் தூக்கும் சோதனையில் பலர் சோனி ஏ7 மார்க் 3-ஐ ஐஎஸ்ஓ 100-ல் எடுத்துத் தூக்குகிறார்கள். அந்தச் சென்சாரில் ஐஎஸ்ஓ 640-ல் இரண்டாவது கெயின் (சிக்னலைப் பெருக்கும் நிலை) தொடங்குகிறது. ரீட் நாய்ஸ் அங்கே ஒரு படி இறங்கும். நிக்கான் இசட் 6-ல் அந்தப் படி 800-ல், கேனன் ஆர்5-ல் 400-ல். ஐஎஸ்ஓ 500-ல் எடுத்துத் தூக்கிய சோனியைவிட, அதே எக்ஸ்போஷரில் 640-ல் எடுத்தது நிழலில் சுத்தமாக இருக்கும். ஒரு ஐஎஸ்ஓ-வை மட்டும் வைத்து ஒப்பிட்டால், ஒருவர் படிக்கு மேலே, இன்னொருவர் படிக்குக் கீழே நிற்பார்கள்.

மண்டபம்:

கல்யாண வேலைக்குப் போகிறவர்களுக்கு நாய்ஸைவிட ரீட்அவுட் வேகம் (சென்சார் முழுவதையும் படித்து முடிக்கும் வேகம்) தான் தலைவலி. எலக்ட்ரானிக் ஷட்டரில் சென்சார் மேலிருந்து கீழ் வரிசை வரிசையாகப் படிக்கப்படுகிறது. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மலிவு எல்இடி நொடிக்கு 100 முறை மங்கி மின்னும். நான்கு மூலை அலங்கார விளக்கைத் தவிர்க்க முடியாத மேடையில், படத்தில் பட்டை பட்டையாக விழும்.

இதை வைத்தே வேகத்தை அளக்கலாம். அந்த எல்இடியால் மட்டும் வெளிச்சம் படும் வெள்ளைச் சுவரை எலக்ட்ரானிக் ஷட்டர் 1/1000-ல் எடுங்கள். மேலிருந்து கீழ் எத்தனை கறுப்புப் பட்டை என்று எண்ணி, ஒவ்வொன்றையும் 10 மில்லிநொடி என்று கொள்ளுங்கள். சோனி ஏ7ஆர் மார்க் 4-ல் ஆறேழு பட்டை வரும், அதாவது சுமார் 1/15 நொடி. கேனன் ஆர்5-ல் ஒன்றரை. நிக்கான் இசட் 9-ல் ஒரு பட்டைகூட முழுதாக விழாது, மேலே வெளிச்சம் கீழே மங்கல் என்ற அளவில் நிற்கும். அதன் வேகம் சுமார் 1/270. அந்தப் பாடியில் மெக்கானிக்கல் ஷட்டரே இல்லை, தேவையும் இல்லை.

வேகத்துக்கு விலை உண்டு. ஆர்5 எலக்ட்ரானிக் ஷட்டரில் 14 பிட்டிலிருந்து 12 பிட்டுக்கு இறங்கும். 2024-ல் வந்த இசட் 6 மார்க் 3 பாதி அடுக்குச் சென்சார் (வேகமாகப் படிக்கும் சுற்றுகளை ஓரளவு மட்டும் அடுக்கிய வகை). வேகம் கூடியது, ஆனால் குறைந்த ஐஎஸ்ஓ நிழலில் முந்தைய இசட் 6 மார்க் 2-வைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் பின்னால். சோனி ஏ9 மார்க் 3 குளோபல் ஷட்டர் (எல்லா வரிசையையும் ஒரே நேரத்தில் பதிவது) என்பதால் பட்டையே கிடையாது, ஆனால் குறைந்தபட்ச ஐஎஸ்ஓ 250. அதோடு பட்டைக்குப் பதிலாக ஃபிரேமுக்கு ஃபிரேம் மொத்த வெளிச்சமும் ஏறி இறங்கும், பர்ஸ்ட் எடுத்தால் தெரியும்.

இருட்டறை:

மண்டபம் அண்ணே, மெக்கானிக்கல் ஷட்டர் உள்ள பாடியில் 1/100 அல்லது 1/50 வைத்தால் பட்டை போய்விடும் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

மண்டபம்:

போகும். எலக்ட்ரானிக்கிலும் போகும், விளக்கு 100 ஹெர்ட்ஸாக இருக்கும்வரை. மேடைக்குப் பின்னால் எல்இடி திரை வைத்திருந்தால் அதன் அதிர்வெண் ஆயிரக்கணக்கில் போகும், மெல்லிய கோடுகள் விழும். அங்கே மெக்கானிக்கலுக்கு மாறுவது ஒன்றே எனக்குத் தெரிந்த நம்பகமான வழி.

விண்மீன்:

இரவு வானம் எடுப்பவர்களுக்கு ஒரு வரிசை தனி. சோனியின் பழைய அமுக்கிய ரா-வில் (ஃபைல் அளவைக் குறைக்கச் சுருக்கிய ரா) நட்சத்திரக் கோட்டின் ஓரத்தில் ரம்பப் பல் போலச் சிதைவு வரும். பளிச்சென்ற கோடும் கறுப்பு வானமும் ஒரே 16 பிக்சல் கட்டத்தில் விழுவதுதான் காரணம். ஏ7எஸ் மார்க் 2, ஏ7ஆர் மார்க் 2 ஆகியவற்றில் 2015-லேயே அமுக்காத ரா வந்துவிட்டது, மெனுவில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவே. அதே பாடிகள் சில நொடிக்கு மேல் எக்ஸ்போஷர் போனால் தனியாக நிற்கும் சிறு புள்ளியை ஹாட் பிக்சல் (தானாக ஒளிரும் பழுதான பிக்சல்) என்று நினைத்து அழித்துவிடும், கூடவே மங்கலான நட்சத்திரமும் போகும். நாய்ஸ் ரிடக்ஷனை அணைத்தாலும் இது நிற்காது.

நிக்கானும் இதில் யோக்கியம் இல்லை. டி70 காலத்தில் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷனைப் போட்டுவிட்டு, கேமரா இருட்டு ஃபிரேம் எடுக்கும் நேரத்தில் சுவிட்சை அணைத்தால்தான் தொடாத ரா கார்டில் எழுதப்படும். அதற்கு "மோட் 3" என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

சோதிப்பது எளிது. அதே வானத்தை 2 நொடி, 10 நொடி என்று அதே ஐஎஸ்ஓ-வில் ட்ராக்கரில் (வானத்தோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பும் கருவி) வைத்து எடுங்கள். 10 நொடியில் நட்சத்திர எண்ணிக்கை அதிகரிக்க வேண்டும். சிறியவை குறைந்தால், அல்லது மிஞ்சியவற்றில் பச்சையும் ஊதாவும் ஏறினால், கேமரா நட்சத்திரங்களைச் சாப்பிடுகிறது.

பொடிக்கணக்கு:

இருட்டு ஃபிரேமை வைத்து இரண்டு பாடிகளை ஒப்பிடும்போது வெப்பத்தை மறக்க வேண்டாம். டார்க் கரண்ட் (வெளிச்சமில்லாமலே வெப்பத்தால் சேரும் சிக்னல்) ஏறக்குறைய 6 முதல் 8 டிகிரிக்கு ஒருமுறை இரட்டிக்கும். அரை மணி நேரம் லைவ் வியூவில் ஓடிய மிரர்லெஸ்ஸையும், அப்போதுதான் பையிலிருந்து எடுத்த டிஎஸ்எல்ஆரையும் 30 நொடி எக்ஸ்போஷரில் வைத்தால் முன்னது தோற்பது உறுதி. இரண்டையும் அணைத்து, ஒரே அறையில் ஒரு மணி நேரம் விட்டு, முதல் ஃபிரேமைத் தள்ளிவிட்டு இரண்டாவதிலிருந்து கணக்கில் எடுங்கள்.