தச்சநல்லூர் – தாராவி குடும்பக் குழு: மார்கழியில் வந்த வெள்ளைக் குதிரை

ஜனவரி 11, ஞாயிறு

பாண்டி மாமா (காலை 5:40): [படம்]

பாண்டி மாமா: கயல், முழித்திருக்கிறாயா? 90 அடி ரோட்டில் இட்லியை இறக்கிவிட்டு வரும் வழியில் பார்த்தேன். மிட்டி ஆற்றுப் பக்கம் ஒரு கம்பத்தில் கட்டியிருக்கிறார்கள். கல்யாண ஊர்வலக் குதிரை. விலா எலும்பை ஒன்று, இரண்டு என்று எண்ணிவிடலாம்.

சங்கரி சித்தி: காலை வணக்கம். இன்றைய நாள் இனிய நாளாக அமையட்டும்.

சங்கரி சித்தி: ஐயோ, இப்போதுதான் படத்தைப் பார்த்தேன். உயிரோடு இருக்கிறதா?

பாண்டி மாமா: இருக்கிறது. மிச்சம் இருந்த இட்லியை வைத்துப் பார்த்தேன். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கயல்: மாமா, எதுவும் கொடுக்காதீர்கள். இட்லி, பிரெட், வெல்லம், கொள்ளு ஒன்றும் வேண்டாம். ஒரு வாளித் தண்ணீர் மட்டும் வையுங்கள். நான் விலங்குகள் காப்பகத்துக்குப் போன் போடுகிறேன்.

அம்மா: நீ ஞாயிறுதோறும் போய்ச் சாணி அள்ளுகிற இடம்தானே? கூப்பிட்டால் வருவார்களா?

கயல்: மாடு போட்டால்தான் சாணி. குதிரை போடுவது லத்தி. வருவார்கள் அம்மா, கர்ஜத்திலிருந்து வண்டி வர மூன்று மணி நேரம் ஆகும்.

முத்து அத்தை: கயல், அப்பா, அதான் உன் தாத்தா, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கேட்கிறார். லத்தி போட்டிருக்கிறதா? முன்னங்காலை மாற்றி மாற்றி வைக்கிறதா? காது அசைகிறதா?

பாண்டி மாமா: லத்தி எதுவும் கண்ணில் படவில்லை. காது தொங்கிக் கிடக்கிறது. மாமாவிடம் சொல்லுங்கள், குளம்பு செருப்பு மாதிரி முன்னால் வளைந்து வளர்ந்திருக்கிறது.

முத்து அத்தை: "அப்படியென்றால் தீபாவளிக்கு முன்னாலேயே கவனிப்பதை விட்டுவிட்டான்" என்கிறார்.

சிவா அண்ணன்: குதிரை வண்டிக்குத்தான் இங்கே ஹைகோர்ட் தடை போட்டுவிட்டதே?

கயல்: அது 2015-ல், சவாரிக்கு ஓடிய விக்டோரியா வண்டிகளுக்கு அண்ணா. கல்யாணக் குதிரை இன்னும் ஓடுகிறது.

கயல் (மதியம் 2:15): வண்டியில் ஏற்றிவிட்டோம். டாக்டர் அங்கேயே பார்த்தார். பெண் குதிரை, பல்லை வைத்துச் சுமார் பதினான்கு வயது சொல்கிறார். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 60, இருக்க வேண்டியது 28-லிருந்து 44. உடம்பு எவ்வளவு தேறியிருக்கிறது என்பதற்கு 1-லிருந்து 9 வரை ஒரு மதிப்பெண் உண்டு, இதற்கு 2. வாயைத் திறந்து பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்துவிட்டது. முள் வைத்த கடிவாளம். நாக்கின் ஓரத்தில் பழைய வெட்டு ஆறி, அதன் மேல் புது வெட்டு.

சிவா அண்ணன்: அது சட்டப்படி குற்றமில்லையா?

கயல்: குற்றம்தான். வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளுக்கான 1965 விதியிலேயே முள் கடிவாளம் கூடாது என்று இருக்கிறது. ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பூட்டக் கூடாது என்றும் இருக்கிறது.

சிவா அண்ணன்: அப்போது கேஸ் போடு. உள்ளே தள்ளட்டும்.

கயல்: 1960-ம் வருடத்து வதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? பத்திலிருந்து ஐம்பது ரூபாய்.

சிவா அண்ணன்: ஐம்பது ஆயிரமா?

கயல்: ஐம்பது ரூபாய்.

பாண்டி மாமா: என் கடையில் அதற்கு இரண்டு பிளேட் இட்லி வராது.

பாண்டி மாமா: குதிரைக்காரன் வந்தான். திட்ட வாயைத் திறந்தேன், அதற்குள் அவனே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டான். அவன் அப்பா கேட்வே ஆஃப் இந்தியா பக்கம் விக்டோரியா ஓட்டியவராம். தடைக்குப் பிறகு கல்யாணத்தை நம்பித்தான் பிழைப்பு. செப்டம்பரில் இருந்தே இது நொண்டுகிறது, லாடம் அடிப்பவருக்கு கொடுக்கக் காசில்லை. போதாக்குறைக்கு டிசம்பர் நடுவிலிருந்து சங்கராந்தி வரை கர்மாஸ், வடக்கத்திக்காரர்கள் கல்யாணமே வைக்க மாட்டார்கள். நம் மார்கழி மாதிரிதான். குதிரையைக் கொடுத்துவிடுகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

அம்மா: பாவப்பட்டவன் என்பதற்காக நாக்கில் முள்ளைக் குத்துவானா பாண்டி?

பாண்டி மாமா: அதற்கு அவனிடமும் பதில் இல்லை அக்கா.

ஜனவரி 12, திங்கள்

முத்து அத்தை: அப்பா நம் கடைப்பையனை அனுப்பி ஐந்து கிலோ கொள்ளு வாங்கி வைத்திருக்கிறார். பார்சல் சர்வீஸில் மும்பைக்கு எத்தனை நாள் ஆகும்?

கயல்: அத்தை, கொள்ளு இப்போது விஷம் மாதிரி. தாத்தாவிடம் கோபப்படாமல் சொல்லுங்கள்.

முத்து அத்தை: கோபப்பட்டாயிற்று. "திருநெல்வேலி ஜங்ஷனில் ஈரடுக்குப் பாலம் வருவதற்கு முன்னாலேயே ஜட்கா ஓட்டியவன் நான், இந்தப் பிள்ளை எனக்குக் கொள்ளு பற்றிச் சொல்லித் தருகிறதா" என்கிறார்.

கயல்: தாத்தா, நீங்கள் சொல்லிக் கேட்ட பழமொழிதான். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு. இது இளைத்தது.

கயல்: டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், அத்தை படித்துக் காட்டுங்கள். பட்டினி கிடக்கும் உடம்பு முதலில் கொழுப்பைத் தின்னும், பிறகு தசையைத் தின்னும். உடம்பில் பாஸ்பரஸ், மக்னீசியம் எல்லாம் ஏற்கெனவே கையிருப்பு இல்லாத நிலை. அந்த நேரத்தில் தானியமோ வெல்லமோ வயிறு நிறையப் போட்டால் இன்சுலின் ஏறும், மிச்சம் இருக்கும் தாதுக்களையும் ரத்தத்திலிருந்து செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும். இதயம் நின்றுவிடும். அதுவும் உடனே நடக்காது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது நாளில், நன்றாகத் தின்கிறதே என்று நாம் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போது விழுந்துவிடும்.

சங்கரி சித்தி: அப்படியானால் என்னதான் கொடுக்கிறீர்கள்?

கயல்: காய்ந்த குதிரைமசால் தீவனம். அதுவும் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை அரைக் கிலோ. இரவு இரண்டு மணிக்கும் ஒரு அரைக் கிலோ. தின்று முடித்துவிட்டு வாளியை மூக்கால் தள்ளித் தள்ளிக் கேட்கிறது சித்தி, நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறோம்.

அம்மா: நாலு நாள் காலேஜ் லீவா உனக்கு?

கயல்: பொங்கல் லீவு அம்மா.

அம்மா: மும்பையில் எந்தக் காலேஜுக்குப் பொங்கல் லீவு?

(இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

முத்து அத்தை: அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். "பல்லை ராவினார்களா?"

கயல்: இல்லை, ஏன்?

முத்து அத்தை: "மேல்வாய்க் கடைப்பல்லின் வெளி ஓரம் கத்தி மாதிரி வளர்ந்திருக்கும். கன்னத்தைக் கிழிக்கும். மெல்ல முடியாமல் உருண்டை உருண்டையாகத் துப்பும். தரையில் பார்."

கயல் (இரவு 9:05): தரையில் பார்த்தேன். ஏழு உருண்டை. டாக்டரிடம் காட்டினேன், கொஞ்சம் தேறியதும் மயக்க மருந்து கொடுத்து அரம் போடலாம் என்றார். உங்கள் தாத்தா எங்கே படித்தார் என்று கேட்டார்.

முத்து அத்தை: படித்துக் காட்டினேன். கொள்ளைக் கழுவி ஊறப்போடச் சொல்லிவிட்டார். எங்களுக்கே ரசம் வைத்துவிடலாமாம்.

ஜனவரி 15, வியாழன்

சங்கரி சித்தி: அனைவருக்கும் இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்! [படம்] [படம்] [படம்]

பாண்டி மாமா: கயல், சயானில் கரும்பு வாங்கினேன். தோகை குதிரைக்கு ஆகுமா?

கயல்: வேண்டாம் மாமா. நீங்களே கடியுங்கள்.

கயல் (இரவு 10:48): எல்லோரும் விழித்திருக்கிறீர்களா? சரியில்லை. சாயங்காலத்திலிருந்து முன்னங்காலால் தரையைக் கிளறுகிறது, திரும்பித் திரும்பி வயிற்றைப் பார்க்கிறது. மேல் உதட்டைச் சுருட்டுகிறது. இன்று நாலாவது நாள்.

அம்மா: டாக்டர் இருக்கிறாரா?

கயல்: வழியில் வருகிறார். வயிற்றுவலிதான். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது அம்மா. உள்ளே போனது கீழே இறங்கித்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் வயிறு வெடிக்கும். படுத்து உருள விடக் கூடாது என்று நடத்திக்கொண்டே இருக்கிறோம். படுத்தால் பயம்.

முத்து அத்தை: அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். சொல்லச் சொல்ல டைப் செய்கிறேன். "வலது பக்கம். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் குழி இருக்கும். அதில் காதை ஒட்டி வை. வாயால் மூச்சு விடாதே. தொட்டித் தண்ணீர் மடையில் இறங்குகிற மாதிரி ஒரு சத்தம் வரும். சில நிமிடத்துக்கு ஒரு தடவையாவது வர வேண்டும்."

கயல் (11:10): ஐந்து நிமிடம் வைத்தேன். ஒன்றுமே இல்லை.

முத்து அத்தை: "இடது பக்கம்?"

கயல்: லேசாக, பூனை வயிறு மாதிரி.

முத்து அத்தை: "அது போதும். நடத்து. ஓட்டாதே, நடத்து."

கயல் (நள்ளிரவு 12:25): டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். இரைப்பையில் தேங்கவில்லை, நல்ல சகுனம் என்கிறார். உப்புக் கலந்த தண்ணீர் இறக்கினார். வலிக்கு ஊசி போட்டாயிற்று. ரத்தத்தில் தாது அளவு பார்க்க மாதிரி எடுத்திருக்கிறார்.

சங்கரி சித்தி: சாஸ்தாவுக்கு ஒரு மண்குதிரை நேர்ந்துகொள்ளுங்கள் அத்தாச்சி.

முத்து அத்தை: அப்போதே நேர்ந்துவிட்டேன்.

சிவா அண்ணன் (1:40): என்ன ஆயிற்று?

கயல்: நடக்கிறோம்.

அம்மா (2:30): கயல்?

கயல்: நடக்கிறோம் அம்மா. நீ தூங்கு.

அம்மா: தூக்கம் வந்தால்தானே.

கயல் (3:12): லத்தி போட்டது!!!

பாண்டி மாமா: எவ்வளவு?

கயல்: எட்டு உருண்டை. சின்னது, கொஞ்சம் காய்ந்தது. ஆனால் எட்டு.

சங்கரி சித்தி: முருகா!

சிவா அண்ணன்: பிள்ளை பிறந்த செய்திக்குக்கூட நம் குழுவில் இவ்வளவு பேர் விழித்திருக்கவில்லை.

முத்து அத்தை: அப்பா படம் அனுப்பச் சொல்கிறார். குதிரையின் படம் வேண்டாமாம்.

கயல்: [படம்]

முத்து அத்தை: "நிறம் சரி. இனிப் பயமில்லை" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். விடிந்தால் மாட்டுப் பொங்கல், ஜட்கா வைத்திருந்த காலத்தில் மாட்டோடு சேர்த்துக் குதிரைக்கும் பொட்டு வைப்பாராம்.

ஜனவரி 18, ஞாயிறு

சிவா அண்ணன்: [படம்]

சிவா அண்ணன்: என் கல்யாண பாராத் ஆல்பத்தைத் தேடி எடுத்தேன். நான் ஏறி வந்த குதிரை. உதட்டில் அந்த இளஞ்சிவப்புத் திட்டைப் பாருங்கள்.

சங்கரி சித்தி: அடப்பாவி. அதேதானா?

கயல்: தெரியவில்லை அண்ணா. கல்யாணத்துக்கு வைத்திருக்கும் வெள்ளைக் குதிரைகளில் நுக்ரா வகை நிறைய. தோலே இளஞ்சிவப்பு, பலவற்றுக்கும் உதடு அப்படித்தான் இருக்கும். உன் படத்தில் நெற்றிப் பட்டம், மணிச்சரம் எல்லாம் போட்டு மூடியிருக்கிறார்கள்.

சிவா அண்ணன்: கடிவாளம் தெரிகிறதா?

கயல்: தெரிகிறது.

சிவா அண்ணன்: அதே மாதிரி முள்ளா?

கயல்: முள் இருந்தாலும் வாய்க்குள் இருக்கும். வெளியே தெரியாது.

சிவா அண்ணன்: பட்டாசு, பேண்டு, டிஜே. நடுவில் அது ஒரு தடவை தலையை உதறியது. எல்லோரும் "ஆடுகிறது பார்" என்று கைதட்டினோம். நானும்தான்.

அம்மா: விடு சிவா.

சிவா அண்ணன்: லாடம் அடிப்பவருக்கு எவ்வளவு?

கயல்: லாடம் இப்போது கிடையாது, சீவி விடுவது மட்டும்தான். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளராது, ஒரே தடவையில் சரி செய்ய முடியாது. ஆறு வாரத்துக்கு ஒரு முறை, ஒரு வருடம் பிடிக்கும்.

சிவா அண்ணன்: ஒரு வருடத்துக்கு நான் தருகிறேன். கணக்கு எண் அனுப்பு. மாமா, அந்த ஆள் நம்பர் இருந்தால் அதையும் அனுப்புங்கள்.

பாண்டி மாமா: அடிக்கப் போகிறாயா?

சிவா அண்ணன்: இல்லை மாமா. எங்கள் ஆபீஸ் கேண்டீனில் ஆள் கேட்டார்கள்.

ஜனவரி 23, வெள்ளி

கயல்: ஹிசார் குதிரை ஆராய்ச்சி மையத்திலிருந்து ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்துவிட்டது. கிளாண்டர்ஸ் இல்லை!

சங்கரி சித்தி: அது என்ன?

கயல்: குதிரைகளுக்கு வரும் ஒரு தொற்று, மனிதர்களுக்கும் ஒட்டும். இருந்தால் கருணைக்கொலைதான், சட்டமே அப்படி. அதனால்தான் இத்தனை நாள் தனியாக வைத்து, கையுறையோடு போய்வந்தோம். இன்று பக்கத்துக் கொட்டிலில் ஒரு கிழட்டுக் கழுதையைத் துணைக்கு விட்டிருக்கிறோம்.

அம்மா: மனிதர்களுக்கு ஒட்டும் என்பதை இப்போதுதான் சொல்கிறாய்.

கயல்: இப்போதுதான் இல்லை என்று ஆகிவிட்டதே அம்மா.

அம்மா: வீட்டுக்கு வா, பேசிக்கொள்கிறேன்.

ஜனவரி 25, ஞாயிறு

கயல் (காலை 6:20): [படம்]

முத்து அத்தை: ஐயோ சாஸ்தா! படுத்துக் கிடக்கிறதே! காலை நீட்டிவிட்டதே!

சங்கரி சித்தி: இவ்வளவு பாடுபட்டும் இப்படியா. கயல், மனதைத் தேற்றிக்கொள் அம்மா.

பாண்டி மாமா: போனை எடு கயல்.

கயல்: ஐயையோ, எல்லோரும் நிறுத்துங்கள்! தூங்குகிறது!

கயல்: குதிரை நின்றுகொண்டே கண் அயரும், கால் மூட்டுகள் தாமாகப் பூட்டிக்கொள்ளும். ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுத்தால்தான் ஆகும். பயம் இருந்தால் படுக்காது, ஓட முடியாதே. வந்து இரண்டு வாரமாக இது படுத்துத் தூங்கி யாரும் பார்த்ததில்லை. இன்று விடிகாலையில் கழுதை நின்று காவல் காக்க, இது பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிட்டது. படத்தின் ஓரத்தில் தெரிவது கழுதையின் கால்.

சங்கரி சித்தி: அதை முதலில் எழுதிவிட்டுப் படம் போட்டால் என்ன? எனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது.

முத்து அத்தை: குறட்டை விடுகிறதா என்று அப்பா கேட்கிறார்.

கயல்: [குரல் செய்தி 0:14]

பாண்டி மாமா: நம் சங்கரி மாதிரியே இருக்கிறது.

முத்து அத்தை: மூன்றாவது தடவையாகப் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார். போனைத் தர மாட்டேன் என்கிறார், பிறகு வருகிறேன்.