‘தனியுரிமை’ வேண்டாம், ‘பூட்டுடைமை’ என்போம்

அன்பின் நண்பர்களுக்கு,

பொறிகளை இயக்கும் மென்பொருள் பற்றிய நமது கைநூலில், தயாரித்த நிறுவனமே தன் பிடியில் வைத்திருக்கும் மென்பொருளை (proprietary software) ‘தனியுரிமை மென்பொருள்’ என்றே எழுதலாம் என்று பெரும்பாலானோர் சொல்லியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. கைத்தொலைபேசியில் எந்தச் செயலியைத் திறந்தாலும் ‘தனியுரிமைக் கொள்கை’ என்று வருகிறது. அங்கே அது நம் அந்தரங்கத்தைக் காப்பது. அதே சொல்லை லேத்தின் (கடைசல் பொறியின்) கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சூட்டினால், தொழில் பழக வந்த பையன் ஏதோ நமக்குக் காவல் என்றுதான் நினைப்பான். ‘தனியுரிம’ என்று எழுதினால் குழப்பம் தீரும் என்கிறார் யாழ்ப்பாணத்து நண்பர். அச்சில் தீரலாம், பட்டறை இரைச்சலில் அந்த ஐகாரம் யார் காதில் விழும்?

திருகோணமலையில் என் மைத்துனரின் பட்டறை துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கிறது. வள்ளங்களுக்குச் சுழலித் தண்டு கடைவதுதான் முக்கிய வேலை. கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் பழைய சிஎன்சி லேத் ஒன்று வாங்கியிருந்தார். சில வாரம் மின்சாரம் இல்லாமல் கிடந்ததில், நினைவகத்தைத் தாங்கிய பற்றரி செத்துவிட்டது. அச்சுகளின் எல்லை, பல்லிடைத் தளர்வுத் திருத்தம் என்று எல்லா அளவுருக்களும் போய், திரை முழுவதும் எச்சரிக்கை வரிகள். பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்த தாளில் பாதி எண்கள் உப்புக்காற்றில் மங்கிவிட்டன. முகவரைக் கூப்பிட்டால், கொழும்பிலிருந்து ஆள் வர வேண்டும் என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: வாங்கும்போது இல்லை எனப்பட்ட மரைவெட்டு வசதி உள்ளேயே இருக்கிறதாம், பணம் கட்டினால் திறக்கும் இலக்கம் தருவார்களாம்.

“லேத் என்னுடையது, திறப்பு அவனுடையதா?” என்றார் மைத்துனர்.

‘பூட்டுடைமை’ அங்கே பிறந்தது. ‘மூடிய மூலம்’ (closed source) என்ற மாற்று எனக்குப் போதவில்லை. மூல நிரலை அந்தப் பட்டறையில் எவரும் வாசிக்கப்போவதில்லை. அவர்களை வருத்துவது பூட்டு.

எதிர்ச்சொல்லுக்கு, அதாவது மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருளுக்கு, ‘திறமூலம்’ இருக்கட்டும். அதற்குச் சிலர் சொல்லும் ‘கட்டற்ற’ அழகான சொல்தான், ஆனால் ‘கட்டற்ற கட்டுப்பாட்டு மென்பொருள்’ என்று ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள். சிஎன்சி பொறிகளை இயக்கும் திறமூல மென்பொருளான லினக்ஸ்சிஎன்சியும் பெயரால் பட்டதுதான். அமெரிக்க அரசின் தர, தொழினுட்ப நிறுவகத்தில் 1990களில் தொடங்கிய அந்த மென்பொருளின் முந்தைய பெயர் இஎம்சி. அது ஒரு நிறுவனத்தின் வணிகக்குறியோடு மோதியதால் 2011இல் மாற்றினார்கள்.

இப்போது மைத்துனரின் லேத் அதில்தான் ஓடுகிறது. அளவுருக்கள் வெறும் எழுத்துக் கோப்புகள். பிரதி என் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் இலேசில் வரவில்லை. மோட்டாரின் நிலையை 1 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை தவறாமல் கணக்கிட வேண்டும். பழைய கணினியின் திரை அட்டை இடையிடையே அதைத் தாமதப்படுத்தியது. கண்டுபிடிக்க இரண்டு இரவுகள். பூட்டுடைமைப் பெட்டியில் இந்தத் தொல்லை இல்லை என்பதைக் கைநூலில் மறைக்கக் கூடாது. அவசர நிறுத்த ஆளியை எந்த மென்பொருளையும் நம்பி விடாமல், மின்சாரத்தை நேரே துண்டிக்கும் ரிலேயில் இணைக்கச் சொல்லியும் எழுத வேண்டும்.

சொல்லைத் தாளில் எழுதி மைத்துனரிடம் காட்டினேன். ‘பூட்டு உடை’ என்று வாசித்துவிட்டு, கடைசியில் ‘மை’ எதற்கு என்று கேட்டார்.