தி ரெஜீம்: பூஞ்சைக்கு ஏன் இத்தனை பயம்?

வேளச்சேரி வாசகி:
'தி ரெஜீம்' டிவி தொடரோட 6 எபிசோடும் பார்த்தாச்சு. சர்வாதிகாரி எலெனா வெர்னம் போகிற அறைக்கெல்லாம் சிப்பாய் ஜூபாக் ஈரப்பதமானியோடு முன்னால் நடக்கிறானே, எதுக்குங்க?

மயிலாப்பூர்:
அவள் அப்பா நுரையீரல் நோயில் போனவர். அதனால்தான் பூஞ்சைன்னா அவளுக்குப் பயம். ஈரப்பதம் 60 சதவீதத்துக்குள் இருந்தால் பூஞ்சை லேசில் பிடிக்காது. நம்ம ஊர் ஐப்பசியில் 80 சாதாரணம், பீரோவுக்குப் பின்னால் சுவரே கறுத்துப்போகும். ஆனா அரண்மனையில் கோளாறு மீட்டரில் இல்லை. அளவைச் சொல்கிறவன் கைக்கே அதிகாரம் போகுது. ஆவி பறக்கும் உருளைக்கிழங்கு வைத்தியம் அப்படித்தான் உள்ளே நுழையுது, மந்திரிகள் வாயைத் திறக்கிறதில்லை.

அண்ணா நகர்:
சோவியத் யூனியனை ஆண்ட ஸ்டாலினோட சாவிலும் இதே கதைதான், பயத்தில் யாரும் வாயைத் திறக்கலை. 1953 மார்ச் 1, கூப்பிடாமல் அறைக்குள் போகக் காவலர்களுக்கு நடுக்கம். தரையில் கிடந்தவரைப் பார்த்ததே ராத்திரிதான். டாக்டர்கள் வந்தது மறுநாள் காலை. பேர்பெற்ற டாக்டர்கள் பலர் அப்போ சிறையில். 5ஆம் தேதி இறந்தார்.