மறு: எண்ணெய் எரிப்பானின் ‘லாக்கவுட்’ – ‘காப்புத்தாழ்’ எனலாமா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

எண்ணெயை எரித்துச் சூடு தரும் ‘பர்னர்’ என்ற கருவிக்குத் தமிழில் என்ன சொல் என்ற கேள்வி இந்த இழையில் ஏறக்குறைய முடிவுக்கு வந்துவிட்டது. ‘எரியூட்டி’ என்பதை முதலில் நானும் ஆதரித்தேன். எரியூட்டுதல் என்றாலே சுடுகாட்டு நினைவு வருகிறது என்றும், மருத்துவமனையின் கொதிகலன் அறை வாசலில் அதை எழுதி வைக்க யாரும் ஒப்பமாட்டார்கள் என்றும் அம்மையார் ஒருவர் எழுதியதைப் படித்தபின் அதை விட்டுவிட்டேன். ‘எரிப்பான்’ வினைமுற்றுபோல ஒலிக்கிறது என்பது உண்மை. ஆனாலும் தெளிப்பானைத் தோளில் மாட்டி வயலில் இறங்குகிறவருக்கு அது தடையாக இராது. தெளிப்பான் மருந்தைத் துகளாக்கிப் பீச்சுகிறது, இது எண்ணெயைத் துகளாக்கிப் பீச்சி எரிக்கிறது. உறவு பொருந்துவதால் இந்த மடல் முழுவதும் எரிப்பான் என்றே எழுதுகிறேன்.

நான் கேட்க வந்தது ‘லாக்கவுட்’ என்ற சொல்லைப் பற்றி. தீ பிடிக்காதபோது எரிப்பான் எண்ணெயை அடைத்துத் தானே நின்றுகொண்டு, ஒருவர் கைப்பட விடுவிக்கும்வரை தொடங்காமல் இருக்கும் நிலை அது. காவிரி டெல்டாவில் நெல் உலர்த்தி இயக்குகிறவர்களுக்காக ஒரு சுவர் அட்டை எழுதிக்கொண்டிருக்கிறேன். டீசலில் ஓடும் எரிப்பானைப் பொருத்துவது, தொடக்குவது, பராமரிப்பது ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் ஒரே பக்கத்தில் சொல்ல வேண்டும். மற்ற உறுப்புகளுக்கெல்லாம் ஏதோ ஒரு சொல் கிடைத்துவிட்டது, இந்த ஒன்றுக்குத்தான் பிடிபடவில்லை. சொல் இல்லாததால் என்ன ஆகிறது என்பதை நேரில் பார்த்துவிட்டேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சென்ற ஐப்பசியில் மன்னார்குடிப் பக்கம் ஓர் உலர்த்திக் கொட்டகையில் இருந்தேன். குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வந்து சேரும் நாட்கள் அவை. வெளியே சாலையோரத்தில் படுதா போட்டு மூடிய நெல் ஈரத்தில் சூடேறிக்கொண்டிருந்தது, உள்ளே உலர்த்தி நின்றுபோயிருந்தது. கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒரு சிவப்புப் பொத்தான், அதற்குள்ளேயே சிவப்பு விளக்கு. இயக்குகிற தம்பி, “ட்ரிப் ஆயிடுச்சு சார்” என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினார். விசிறி சுற்றியது, சற்றுப் பொறுத்துப் பொறி தட்டும் ஓசை கேட்டது, எண்ணெய் பீச்சியது, தீ பிடிக்கவில்லை, மறுபடி சிவப்பு விளக்கு. அவர் மறுபடி அழுத்தினார். அப்படி ஆறு முறை அழுத்தினார். வீட்டில் மின்சாரப் பெட்டியின் விசை கீழே விழுந்தால் தூக்கிவிடுவதில்லையா, அதே எண்ணத்தோடுதான் செய்தார். ஏழாவது முறை தீ பிடித்தபோது ‘டம்’ என்று ஒரு சத்தம். எரியறையின் பார்வைக் கதவு திறந்து அடித்தது, கொட்டகை முழுவதும் கரி பறந்தது. அவர் பக்கவாட்டில் நின்றதால் புருவமும் முன்முடியும் பொசுங்கியதோடு போயிற்று.

பிறகு மின்சாரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, எரிப்பானைக் கழற்றிப் பார்த்தோம். பொறி தட்டும் இரண்டு கம்பிகளையும் தாங்கும் வெள்ளைப் பீங்கான் ஒன்றில், பென்சிலால் கீறியதுபோல, ஒரு கருப்புக் கோடு ஓடியிருந்தது. அது மயிரிழை விரிசல், அதில் கரி படிந்திருந்தது. சுமார் பத்தாயிரம் வோல்ட் மின்சாரம் கம்பி முனைகளுக்கு இடையே தாவ வேண்டிய இடத்தில், இந்த விரிசல் வழியாகவே பக்கத்து இரும்புக்குப் பாய்ந்துவிட்டிருக்கிறது. ஓசை வந்ததே தவிர, எண்ணெய் வரும் இடத்தில் பொறி இல்லை.

அந்த எரிப்பான் மணிக்கு 20 லிட்டர் டீசல் எரிக்கக்கூடியது. எண்ணெய் பீச்சத் தொடங்கி 10 நொடிக்குள் தீயைக் காணவில்லை என்றால் கட்டுப்பாட்டுப் பெட்டி எண்ணெயை அடைத்துவிடும். அந்த 10 நொடியில் உள்ளே போகும் டீசல் சுமார் 55 மில்லிலிட்டர். ஆறு முறைக்கு ஏறத்தாழ ஒரு லிட்டரில் மூன்றில் ஒரு பங்கு. ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் விசிறி ஊதத்தான் செய்கிறது. அந்த ஊதல் ஆவியை வெளியேற்றும், அடியில் தேங்கிய எண்ணெயை வெளியேற்றாது. சற்று முன்புவரை எரிந்துகொண்டிருந்த அறையின் சுவர் சூடாக இருப்பதால் தேங்கிய எண்ணெய் மறுபடி மறுபடி ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஒரு லிட்டர் டீசல் எரிய ஏறக்குறைய 10 கனமீட்டர் காற்று வேண்டும் என்ற கணக்கோடு சேர்த்துப் பார்த்தால், அந்தச் சிறிய அறைக்குள் எவ்வளவு தீ அடைபட்டுக் காத்திருந்தது என்பது விளங்கும்.

தவறு அந்தத் தம்பியுடையது என்று நான் சொல்லமாட்டேன். ‘ட்ரிப்’ என்ற சொல் அவருக்கு என்ன கற்றுக்கொடுத்ததோ அதைத்தான் செய்தார். எரிப்பான் நிற்பதில் மூன்று வகை உண்டு. வேண்டிய சூடு வந்ததும் தானே நின்று, சூடு குறைந்ததும் தானே தொடங்குவது ஒன்று. மின்சாரம் போய் நிற்பது, வந்ததும் தொடங்குவது இன்னொன்று. மூன்றாவது வகையில் இயந்திரம் தீயைத் தேடிப் பார்த்து, காணாமல், இனி மனிதர் ஒருவர் வந்து காரணத்தைக் கண்டு கைப்பட விடுவித்தால் ஒழிய நகரமாட்டேன் என்று தன்னை அடைத்துக்கொள்கிறது. இம்மூன்றையும் ‘நின்னுபோச்சு’, ‘ட்ரிப் ஆயிடுச்சு’ என்று ஒன்றாகச் சொல்லிவிடுவதுதான் ஆபத்து. இழையில் ஒருவர் பரிந்துரைத்த ‘தானியங்கு நிறுத்தம்’ என்பதை இதனால்தான் என்னால் ஏற்க முடியவில்லை; அது முதல் வகைக்கே பொருந்தும். ‘முடக்கம்’ என்பது பழுதைக் குறிக்கிறது. இயந்திரம் பழுதாகி நிற்கவில்லை, தன் கடமையைச் சரியாகச் செய்துதான் நிற்கிறது.

அகராதியைப் பார்த்து ‘கதவடைப்பு’ என்று எழுதிய நண்பருக்கு ஒரு வார்த்தை. அது ஆலை நிர்வாகம் தொழிலாளரை உள்ளே விடாமல் நிறுத்துவதற்கு நாம் நெடுங்காலமாகப் புழங்கும் சொல். உலர்த்திக் கொட்டகையில் ‘கதவடைப்பு’ என்று எழுதி வைத்தால் கூலித் தகராறு என்றே எடுத்துக்கொள்வார்கள்.

‘பூட்டு’, ‘பூட்டுநிலை’ என்ற பரிந்துரைகளுக்கு வலு அதிகம். பலர் ஆதரித்தும் இருக்கிறார்கள். ஆனால் பூட்டு என்ற சொல் இதே கொட்டகையில் வேறொரு வேலைக்குக் கட்டாயம் தேவைப்படுகிறது. பராமரிப்புக்காக எரிப்பானைத் திறப்பவர் மின் இணைப்பைத் துண்டித்து, முதன்மை விசையில் உண்மையாகவே ஒரு பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டு, ‘ஆள் வேலை செய்கிறார்’ என்ற அட்டையைத் தொங்கவிட வேண்டும். ஆங்கிலத்தில் இதற்கும் ‘லாக்கவுட்’ என்றே பெயர். இயந்திரம் தானே அடைத்துக்கொள்வது, மனிதர் அதை வெளியிலிருந்து அடைப்பது என்று நேரெதிரான இரண்டுக்கும் அங்கே ஒரே சொல். அந்தக் குழப்பத்தைத் தமிழிலும் நாம் ஏன் கொண்டுவர வேண்டும்? மனிதர் போடுவது பூட்டு என்றே இருக்கட்டும். இதற்கு வேறு சொல் வேண்டும்.

என் பரிந்துரை ‘காப்புத்தாழ்’.

தாழ் என்பது தாழ்ப்பாளில் இன்றும் உயிரோடு இருக்கும் சொல். பூட்டு வெளியிலிருந்து போடப்படுவது, தாழ் உள்ளிருந்து விழுவது. காற்றில் கதவு அறைந்து உள்தாழ் விழுந்துவிட்ட அனுபவம் எல்லா வீட்டிலும் உண்டு. அப்போது கதவைத் திரும்பத் திரும்ப இடித்துக்கொண்டிருக்கமாட்டோம். எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்த்துத்தான் திறப்போம். ‘எரிப்பானில் தாழ் விழுந்துவிட்டது’ என்று சொன்னால் பார்க்கிறவர் மனத்தில் அந்தப் படம் வரும் என்பது என் நம்பிக்கை. காப்பு என்பதற்கும் இங்கே நல்ல அழுத்தம் இருக்கிறது. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர் அதை நினைத்த நேரத்தில் அவிழ்த்துப் போடமாட்டார். அதற்கு நாளும் முறையும் உண்டு. அந்த மரியாதை இந்தச் சிவப்பு விளக்குக்கும் கிடைக்க வேண்டும்.

தாழ் என்றால் குறைவு என்று பொருள்படுமே, ‘தாழ் அழுத்தம்’ என்பதோடு குழம்பாதா என்று கேட்கப்படும். அந்தப் பொருளில் வரும்போது தாழ் எப்போதும் முன்னால் நிற்கிறது: தாழ்நிலம், தாழ்வாரம், தாழ் அழுத்தம். காப்புத்தாழ், உள்தாழ் என்று பின்னால் நிற்கும்போது பெயர்ச்சொல்லாகவே படிக்கப்படும். தொடர்களும் எளிதாக அமைகின்றன: தாழ் விழுந்தது, தாழ் விழுந்த நேரம், தாழ் விழக் காரணம்.

அடுத்தது ‘ரீசெட்’ பொத்தான். கணினியில் ‘மீட்டமை’ என்று பழகிவிட்டோம், அங்கே அது சரி. இங்கே அதைப் போட்டால், அழுத்தியவுடன் எல்லாம் பழைய நல்ல நிலைக்கு மீண்டுவிடும் என்ற பொய்யான தைரியத்தைத் தரும். அந்தப் பொத்தான் எதையும் மீட்பதில்லை, விழுந்த தாழை நீக்குகிறது, அவ்வளவுதான். ஆகவே ‘தாழ்நீக்கி’. அட்டையில் நான் எழுத விரும்பும் முதல் வரி இது: ‘காப்புத்தாழ் விழுந்தால் தாழ்நீக்கியை ஒரே ஒரு முறை அழுத்தலாம். மறுபடியும் விழுந்தால் அழுத்தாதீர்கள். எண்ணெய் வால்வை மூடி, மின்சாரத்தை நிறுத்தி, மெக்கானிக்கை அழையுங்கள்.’ எரியறையின் அடியில் எண்ணெய் தேங்கியிருப்பது கண்ணில் பட்டால் அந்த ஒரு முறையும் கூடாது.

இவற்றோடு சேர்த்து வேண்டிய மற்ற சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தீயைப் பார்த்துச் சொல்லும் உறுப்பை மெக்கானிக்குகளே ‘கண்ணு’ என்கிறார்கள். அதை அப்படியே எடுத்துச் ‘சுடர்க்கண்’ என்றேன். அதைக் கழற்றி எதிரே டார்ச் விளக்கைக் காட்டி எரிப்பானை ஏமாற்றி ஓட்டும் பழக்கத்தைக் கண்டிருக்கிறேன். அப்படிச் செய்வது காவல்காரர் கண்ணைக் கட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதுதான். பொறிக்கு முன்னால் விசிறி வெறுமனே ஊதுவது ‘முன்னூதல்’. ‘தூற்றல்’ என்று ஒருவர் களத்து மேட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தது அழகாகத்தான் இருந்தது, ஆனால் மழைத் தூற்றலும் பழி தூற்றலும் குறுக்கே வருகின்றன. எண்ணெயைத் துகளாக்கிப் பீச்சும் முனையான நாசிலை நாசில் என்றே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. மோட்டார், வால்வு ஆகியவற்றைப்போல அது பட்டறையில் தமிழாகிவிட்டது. மாற்றியே ஆக வேண்டியது தவறாக நடத்தும் சொல்லைத்தான். நன்றாக வேலை செய்யும் சொல்லை அன்று.

பொருத்துவதைப் பற்றிய பகுதியில் சொற்சிக்கல் அதிகம் இல்லை, ஆனால் ஒரு தொடருக்கு உதவி வேண்டும். மழை வந்தால் கொட்டகையை நாற்புறமும் படுதாவால் இறுக்கி மூடிவிடுகிறார்கள். மணிக்கு 20 லிட்டர் எரிக்கும் எரிப்பானுக்கு மணிக்குக் குறைந்தது 200 கனமீட்டர் காற்று வேண்டும். முழுமையாக எரிய அதற்கு மேலும் கொஞ்சம் மிகை வேண்டும். அது கிடைக்காதபோது தீ மஞ்சளாகிக் கரி கக்குகிறது, மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உருவாகிறது. உள்ளே ஆட்கள் மூட்டைமேல் படுத்து உறங்குகிறார்கள். எப்போதும் திறந்திருக்க வேண்டிய அந்தக் காற்று வழிக்கு ‘மூடாவழி’ என்று எழுதியிருக்கிறேன். ‘காற்றுத் திறப்பு’ என்றால் திறக்கலாம், மூடலாம் என்று ஆகிவிடுகிறது. பெயரே ‘மூடாதே’ என்று சொல்ல வேண்டும். இதைவிட நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.

எண்ணெய்க் குழாயில் மரையிட்ட இணைப்புகளுக்கு வெள்ளை டெஃப்லான் நாடாவைச் சுற்றக்கூடாது, அதன் துணுக்குகள் பம்பையும் நாசிலையும் அடைக்கும் என்ற வரியும், நாசிலைக் குண்டூசியால் குத்திச் சுத்தம் செய்யாமல் புதிதாக மாற்ற வேண்டும் என்ற வரியும், மிஞ்சிய எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும் குழாயில் மூடும் வால்வு வைக்கக்கூடாது என்ற வரியும் அட்டையில் இருக்கின்றன. அவற்றின் நடையைத் திருத்துவோர் திருத்தலாம். வைக்கோல், சாக்கு, உமி ஆகியவற்றை எரிப்பானுக்கு அருகில் குவிப்பதைப் பற்றிய வரியை மட்டும் மென்மையாக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்தக் கொட்டகையின் கட்டுப்பாட்டுப் பெட்டிமேல், அந்தத் தம்பியே சுண்ணக்கட்டியால் ‘தாழ் விழுந்தால் ஒரு தடவைதான்’ என்று எழுதி வைத்திருக்கிறார். நான் வாயால் ஒருமுறை சொன்ன சொல் அது. அவர் ‘காப்பு’ என்பதை விட்டுவிட்டு ‘தாழ்’ என்று மட்டும் எழுதியிருப்பதால், முழுச்சொல்லும் வேண்டுமா, தாழ் என்று தனித்து நின்றாலே போதுமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். குறுவை அறுவடை தொடங்குமுன் அட்டை அச்சுக்குப் போக வேண்டும், ஆவணி முடிவதற்குள் உங்கள் மறுப்பும் திருத்தமும் வந்தால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
மன்னார்குடியிலிருந்து